மலையில் நடப்பதைக் கீழே பேசுவதில்லை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் அத்தான் போனிலிருந்து போட்டுப் பார்த்தேன், அதையும் வெட்டிவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். இதைப் பாதியில் வெட்ட முடியாது பார். கிழித்துப் போட்டாலும், கிழிப்பதற்கு முன்னால் கண் இரண்டு வரியாவது படித்துவிடும்.

பாப்பாவின் பிறந்த நாளன்று நடந்ததை நானும் மறக்கவில்லை. நீ கூப்பிட்டாய், நான் எடுத்தேன், அவளைக் கூப்பிட்டேன். "குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லும்மா" என்றாள் அறைக்குள்ளிருந்து. குளிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். வர மாட்டேன் என்கிறாளடா என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு நீ, "பிள்ளையை நல்லா வளர்த்திருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்தவன்தான், இன்று வரை எடுக்கவில்லை.

நான் எங்கே வளர்த்தேன்? அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கியது யார்? நான் வீட்டுக் கணக்கு எழுதும் மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் காதில் அந்த ஹெட்போன் வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நீ அங்கே, அவள் இங்கே, நடுவில் அந்த விளையாட்டு. இயந்திரத்தைப் பார்த்துத் தானாகச் சிரிப்பாள், முறைப்பாள், கையை ஆட்டுவாள். காலைப் பிரார்த்தனைக்கு இரண்டு நிமிஷம் உட்காரச் சொன்னால் முதுகு வலிக்கும். அதன் முன்னால் உட்கார்ந்தால் முதுகே கிடையாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், மாமாவோடுதானே என்று. இப்போது அந்த மாமாவோடும் பேச மாட்டாளாம். மாமாவும் எங்களோடு பேச மாட்டாராம்.

அடுத்த மாதக் கடைசியில் கப்பலில் ஏறுவதாக உன் கூட்டாளி அத்தானிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றும் சொன்னான். நாங்கள் அதை அடுத்தவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது, போகட்டும். ஏறுவதற்குள் நீயும் அவளும் பழையபடி ஆகிவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போட்டீர்கள் என்று அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நீயாவது சொல்.

இப்படிக்கு,
அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மீன் கிடங்கில் ஒரு கம்ப்ரஸர் மக்கர் பண்ணுகிறது. உள்ளே போய்விட்டு வந்தால் விரல் மரத்துப்போகிறது, பேனா பிடிபட மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உன்னைச் சொல்லவில்லை, கோபத்தில் வாயில் வந்தது. ஆனால் கோபம் தப்பில்லை. அதை உனக்கு எப்படிச் சொல்வது? நீ அதை விளையாட்டு என்கிறாய். அது பந்து அடிக்கிற விளையாட்டு இல்லை, அக்கா. அதற்குள் நாம் வேறு ஆளாகப் பிறந்து பிழைக்க வேண்டும். பசி உண்டு, பகை உண்டு, கூட்டாளி உண்டு. நானும் மேஸ்திரியும் கழுதைகளில் சரக்கேற்றி மலைக்கணவாய் தாண்டும் வியாபாரிகள். மேஸ்திரி என்றால் உன் மகள்தான். அவள் முன்னால் போய் வழி காட்டுவாள், தங்குகிற இடத்துக்குப் போய்த்தான் என்னை முறைப்பாள். நான் பின்னால் வரும் காவல்காரன். 'வால்' என்பது அவள் எனக்கு வைத்த பெயர்.

அந்தக் கணவாயில் பேச முடியாது. காற்று இரைச்சலாம், சைகை மட்டும்தான். அது விளையாட்டுக்காரர்கள் வைத்த சட்டம். அதற்கு மேல் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்தாள். மலையில் நடப்பதைக் கீழே பேசக் கூடாது. போனில் கூடாது, நேரில் பார்த்தாலும் கூடாது. "பேசினா அது பொய்யாயிடும் மாமா" என்றாள். நானும் சரி என்றேன்.

பிப்ரவரியில் கயிற்றுப் பாலத்தில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டோம். கழுதைகள் நடுப்பாலத்தில் மிரண்டு நின்றுவிட்டன. அவள் முன்னால் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்று தடுத்தேன். ஓடியிருக்கலாம், ஓட வழி இருந்தது. கடைசிக் கழுதை கரை ஏறும் வரை நின்றேன், பிறகு விழுந்தேன். அதில் செத்தால் செத்ததுதான். எழுப்ப முடியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். கணவாய் உச்சியில் ஒரு விளக்கு மாடம் இருக்கிறது. இறந்தவனோடு வந்தவர் அங்கே போய் விளக்கேற்றி, மண்டியிட்டு, அவனைப் பற்றி மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். மலையில் அந்த ஓரிடத்தில் மட்டும்தான் பேச்சு கேட்கும். இறந்தவன் அங்கே இருப்பான், கேட்டுக்கொள்ளலாம், பதில் பேச முடியாது. சொல்லிவிட்டால் அவன் பெயர் கல்லில் ஏறும். அவன் புது ஆளாகப் பிறந்து அதே வழிக்கு வருவான். பனி மூடுவதற்குள் யாரும் வரவில்லை என்றால் பெயர் போய்விடும், எங்கோ ஒரு கடற்கரையில் பிறந்து தனியாகத் திரிய வேண்டியதுதான். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூலிக்கு வந்த கழுதைக்காரன் ஒருத்தன் இறந்ததற்கு அவள் மண்டியிட்டுச் சொன்னது இருக்கிறதே, நான் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள் வரவில்லை, அக்கா.

ஞாயிறுதோறும் அந்த மாடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அறையில் இருக்கும் கிரேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாள் பூரா கிடங்கில ஐஸ் பாத்தது பத்தலையா, லீவு நாள்ல உட்கார்ந்து பனி பெய்யறதைப் பாக்கறே" என்றான். சிரித்துவிட்டேன். பனி மூடியது. பெயர் போய்விட்டது.

போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சட்டம் இருக்கிறதே. பிறந்த நாளன்று சட்டத்தை உடைத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். குளிக்கிறாள் என்று பொய் சொல்லச் சொன்னதைக்கூட நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அலுத்துவிட்டது போலிருக்கிறது. வளர்கிற பெண். மாமாவோடு கழுதை மேய்க்க வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து.

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாப்பாவிடம் காட்டவில்லை. ஆனால் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம், அப்போதுதான் அவள் எழுந்து போக மாட்டாள். பாலத்தில் என்ன நடந்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். உனக்கு யார் சொன்னது என்று முறைத்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமாதாம்மா விட்டுட்டுப் போனான். சண்டை நடக்கும்போதே. நான் கழுதையை இழுத்துட்டிருந்தேன், 'உங்கள் தோழர் விடைபெற்றுச் சென்றார்'னு எழுத்து வந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. விடைபெற்றானாம், யாரிடம் பெற்றான் என்று கேட்கிறாள். ஒரு கையாட்டல்கூட இல்லையாம். அவளும் உன்னைக் கேட்கவில்லை, அதே சட்டத்தால். ஆனால் காத்திருந்திருக்கிறாள். உச்சியில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறதாம், அங்கிருந்து பார்த்தால் எல்லா வழியும் தெரியுமாம். நீ எந்தப் பக்கமாகத் திரும்பி வந்தாலும் கண்ணில் படுவாய் என்று ஞாயிறுதோறும் கழுதைகளை அங்கே கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாளாம். முன்பு அங்கே ஏதோ மாடம் இருந்தது, எடுத்துவிட்டார்கள் போல என்றாள். பனி மூடிய பிறகுதான் இறங்கி வந்தாளாம்.

இப்போது அந்த உலகமே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். சத்திரத்தில் ஒரு குடிகாரக் கிழவன் உண்டாமே? அவன் இப்போது பால் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறானாம். கொள்ளைக்காரன் வெட்டு வாங்கிக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறானாம். செத்த புருஷனின் கம்பளிச் சட்டையை விற்கிற ஒருத்தி, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே அழுகிறாளாம். "வெளியூர் போனதுக்கு யாராவது இப்படி அழுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

நீ காத்திருந்தேன் என்கிறாய், அவள் காத்திருந்தேன் என்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எனக்குப் பொய் சொல்லத்தான் வராது. கேட்காததைச் சொல்லாமல் இருக்க நன்றாக வரும்.

அக்கா

ஜூலை 2

அக்கா,

'விடைபெற்றுச் சென்றார்' என்று அந்த விளையாட்டில் ஒரு எழுத்து கிடையாது. 'உயிர் நீத்தார்' என்றுதான் வரும். மாடத்தையும் யாரும் எடுக்கவில்லை. நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கேட்காததைச் சொல்ல மாட்டாய் என்றால் இதோ கேட்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் யாராவது கை வைத்தார்களா? எதையாவது பூட்டி வைத்தீர்களா?

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான்.

ஜனவரிக் கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆகாததை மறைக்க அதிலேயே வழி இருக்கிறதாமே என்று கேட்டேன். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, இந்தக் கட்டங்களில் எதை மறைக்க வேண்டுமோ அதைத் தொடுங்கள் என்றார். மேலே 'குடும்பக் கட்டுப்பாடு' என்று எழுதியிருந்தது. அந்தக் காலமெல்லாம் எங்களுக்கு முடிந்துவிட்டதே என்று உன் அத்தான் சொல்ல, அந்த மனிதர் காது சிவக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் செய்தேன். ரத்தம், குடி, சூது, சாவு. எல்லாவற்றையும் தொட்டேன். ஒரு தாய் இதில் எதைத் தொடாமல் விடுவாள், நீயே சொல்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. 'வழிபாடு, சடங்கு' என்று. அதை மறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. பழுது பார்க்கிறவர்கூட, இது வேண்டியதில்லைம்மா, நல்லதுதானே என்றார். நான்தான் தொட்டேன். சொல்லப்போனால் அதைத் தொடத்தான் அவரை உட்கார வைத்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். திரையில் அவள் ஆள் ஒரு விளக்கின் முன்னால் மண்டியிட்டிருந்தது. நாற்காலியில் இவளும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, கண்ணில் நீர். நீ எழுதிய பிறகுதான் புரிகிறது, அது அந்தக் கழுதைக்காரனுக்காக. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் இவள் இப்படிப் பிரார்த்தித்ததில்லை. இந்த வீட்டில் இருக்கிற கடவுளுக்கு நெளிகிறவள், எவனோ வரைந்த விளக்கின் முன்னால் உருகுகிறாள். சாமியை வைத்து விளையாட்டா என்ற கோபம்தான் என்று நினைத்தேன். இப்போது உட்கார்ந்து எழுதும்போது, அது கோபம் மட்டும்தானா என்று எனக்கே தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ரகளை செய்வாள், சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று விட்டுவிட்டேன். தெரியாமல்தான் போனது. நீ செத்தது அவளுக்குத் தெரியாமல் போனது.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. ஆனால் எழுது.

அக்கா

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், பதில் போட்டிருக்கிறார்கள். பழுது இல்லையாம், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்களாம். பூட்டுப் போட்ட பிள்ளைகளின் கண்ணுக்கு இறந்தவர்கள் தெரிய மாட்டார்கள். இறந்தவர்கள் கண்ணுக்கும் அந்தப் பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். பிள்ளைகளின் நன்மைக்காக என்று போட்டிருக்கிறார்கள். மாடத்தை அழித்த இடத்தில் மொட்டைப் பாறையைக் காட்டுவார்களாம்.

புரிகிறதா? அவள் கழுதைகளைக் கட்டியது என் காலடியில். நான் இங்கே உட்கார்ந்து அவள் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அதே பாறையில் உட்கார்ந்து நான் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் போதும் அக்கா, ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க வேண்டாம்.

ரத்தத்தை மறைத்தாய், சரி. குடியை மறைத்தாய், சரி. நான் உன் இடத்தில் இருந்தாலும் செய்திருப்பேன். அந்த உலகத்தில் ஒன்றோடு ஒன்று எப்படிக் கட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. கிழவனிடமிருந்து குடியை எடுத்தால் தள்ளாட்டத்தையும் எடுக்க வேண்டும், அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். சாவை எடுத்தால் நான் எதற்காகப் பாலத்தில் நின்றேன் என்பதையும் எடுக்க வேண்டும். மிச்சம் இருப்பது என்ன? நடுவழியில் விட்டுவிட்டு ஓடின ஒருத்தன்.

ஒன்று கேட்கிறேன், செய். அவளிடம் நீ பூட்டினாய் என்று சொல்லாதே. இயந்திரக் கோளாறு, மாமா உண்மையில் பாலத்தில் இறந்துவிட்டான், கோளாறால் உனக்குத் தப்பாகக் காட்டிவிட்டது என்று சொல். உனக்குப் பொய் சொல்ல வராது, தெரியும். இந்த ஒன்றைச் சொல்லு. என்மேல் இருக்கிற கோபம் போக வேண்டும், உன்மேல் புதிதாக ஒன்று வரவும் கூடாது.

தம்பி

ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் நீ கேட்டதைச் செய்திருக்க மாட்டேன். அவள் கண்ணிலிருந்து ஒன்றை மறைத்ததற்கே இவ்வளவு. அதை மறைக்க இன்னொன்றா?

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் எதிரிலேயே எல்லாக் கட்டத்தையும் எடுத்துவிட்டேன். கணவாயில் பனி விலகியிருக்கிறதாம். அன்று சாயங்காலமே தனியாக மலை ஏறினாள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடாமல் பக்கத்தில் போகத் துணிவில்லை. உச்சிக்குப் போனபோது மாடம் இருந்தது. நானே பார்த்தேன், அழகான சின்ன மாடம். வரிசையாகப் பெயர்கள். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். உன் பெயர் இல்லை. ஒரு கல் மட்டும் எழுத்தில்லாமல் வெறுமையாக இருந்தது. விளக்கைத் தொட்டாள், அது பற்றிக்கொள்ளவில்லை. யாருக்காக என்று கேட்டது. உன் பெயர்தான் போய்விட்டதே, அவள் பதில் சொல்வதற்கு அதில் இடமில்லை.

ரகளை செய்வாள் என்று இருந்தேன். செய்யவில்லை. வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் பக்கத்தில் போய், இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன், நீ விளையாடு என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இனிமே எப்படிம்மா விளையாடுறது? ஒரு பாறையைப் பார்த்தா, இது பாறைதானா, இல்ல எதையாவது மூடி வெச்சிருக்காங்களானுதான் தோணும். யாராவது சிரிச்சா, நிஜமா சிரிக்கறானா, இல்ல எனக்காக மாத்தி வெச்சிருக்காங்களானு தோணும். நீ பூட்டை எடுத்துட்டே. எனக்குப் போகல."

அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தை அவள் திறக்கவில்லை. துணி போட்டு மூடியிருக்கிறாள். என்னோடு பேசுகிறாள், சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறாள்.

ஞாயிறன்று அவளே உனக்குப் போன் போட்டாளே, சந்தோஷப்பட்டேன். பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "நல்லா இருக்கீங்களா மாமா, கப்பல் எப்போ மாமா, உடம்பைப் பாத்துக்குங்க மாமா." வாடா போடா என்று உன் தலைமேல் ஏறி உட்கார்ந்தவள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

தம்பி, அந்த மூன்று வார்த்தையை நான் சொல்லக் கூடாதா? நீ பிறந்தபோது உன்னை முதலில் தூக்கினது நான். நீ பயந்தவன், ஆனால் அடுத்தவருக்கு முன்னால் பயத்தைக் காட்ட மாட்டாய். எதைக் கொடுத்தாலும் பாதியை வைத்துவிட்டுத்தான் தின்பாய். அப்பா இருந்தவரை அவர் செருப்பை நீதான் துடைத்தாய், நான் துடைத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நீ ஒரு நாளும் திருத்தவில்லை. போதாதா?

அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை ஏறுகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. கிரேன் டிரைவர் என் கட்டிலுக்கு இப்போதே ஆள் பிடித்துவிட்டான், அந்த ஆள் வாசலில் மூட்டையோடு நின்று நான் எழுதி முடிக்கட்டும் என்று பார்க்கிறான்.

நீ எழுதிய மூன்றும் உண்மை. செருப்பு விஷயம் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றேன்.

ஆனால் அக்கா, கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேண்டியது அது இல்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். உனக்கு என்னைத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவளுக்கு அப்படி இல்லை. அந்த மலையில் நான் அவளுக்கு மாமா இல்லை, பணிய வேண்டிய பெரியவன் இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு காவல்காரனைச் சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் என்னையே சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நான் மாமனாக இல்லாதபோது என்ன ஆள் என்று எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

போனில் நான் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கே வைத்துச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதுபோல ஆகிவிடும், அது அவளுக்கும் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நல்ல பேச்சுதான். யார் கேட்டாலும் குறை சொல்ல முடியாது.

நீயும் அவளைக் கேட்காதே. கேட்டு வாங்கி அனுப்பாதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை போலிருக்கிறது, அது ஒரு நாள் தீரும்.

கம்பெனி ஆபீஸ் முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன். கடிதம் துறைமுகம் துறைமுகமாகத் தேடி வந்து சேருமாம்.

தம்பி

அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

இது உன்னை எங்கே பிடிக்கும் என்று தெரியாது. நான் அவளைக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அவளோடு படிக்கிற பெண் வந்திருந்தாள், இரண்டு பேரும் முன்னறையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் அதே விளையாட்டு ஆடுகிறவளாம். நீ ஏன் விட்டுட்டே என்று கேட்டாள். நான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றேன். போகவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. பாப்பா வரைவதை நிறுத்தவில்லை. வண்ணம் தீட்டிக்கொண்டே, வேறு யார் கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு வால்னு ஒருத்தன் இருந்தான். சுத்தக் கேனப்பய. வலது பக்கம் கை காட்டினா இடது பக்கம் போவான். சந்தோஷம் வந்தா டான்ஸ் ஆடுவான், கழுதையெல்லாம் மிரண்டு ஓடும், அதைப் பிடிக்கவே எனக்குப் பாதி நாள் போயிடும். ஆனா ராத்திரி தங்குற இடத்துல ஒரு தடவைகூட எனக்கு முன்னாடி படுத்ததில்ல. நான் திரும்பிப் பார்க்கறதே இல்ல, தெரியுமா? முன்னாடி போறவங்க எல்லாரும் பின்னாடி பார்த்துட்டேதான் போவாங்க. நான் பார்த்ததே இல்ல. அவன் இருப்பான்னு தெரியும். பாலத்துல நின்னுட்டே செத்தான். அவன் விழற வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவே இல்ல."

அந்தப் பெண், வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வாயேன் என்றாள். "திரும்பித் திரும்பிப் பார்க்கணும். கழுத்து வலிக்கும்" என்றாள் பாப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பச்சைப் பென்சிலை யார் எடுத்தது என்று சண்டை வந்துவிட்டது.

மூன்று வார்த்தையா, அதற்கு மேலா என்று நான் எண்ணவில்லை. இது அவள் உனக்குச் சொன்னது இல்லை. யாரோ ஒரு பெண்ணிடம் படம் வரைந்துகொண்டே சொன்னது. அந்த மாடத்தில் ஏறாது. உன் பெயர் எந்தக் கல்லிலும் வராது. நீங்கள் இரண்டு பேரும் இனி ஒரே வழியில் போகப்போவதும் இல்லை, அதை நான் கெடுத்தது கெடுத்ததுதான்.

மேலே, பாலத்தில் நின்றதைச் சொல்லும் வரியில் அடித்துத் திருத்தியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். உடன்பிறந்தவனுக்கு, அதுவும் கடல்மேல் இருக்கிறவனுக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. 'மறைந்தான்' என்று எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அக்கா